பெண் வீட்டார் கதிர்காமம் போன கதை: வேலூர்க் குழு ஒன்றின் கரைச் சுற்றுலா பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் பயணக் கப்பல் 2023 ஜூன் மாதம் ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்களுக்கும் போய்வரும் ஏற்பாடு. விமானம் ஏறாமலே கடல் கடக்கலாம் என்றதும் வேலூர் வட்டாரத்தில் பலருக்கு ஆசை வந்தது. காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்து சேர்ந்த சுமார் நாற்பது பேர் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் போய்வந்தோம். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். கிருத்திகை தவறாமல் வள்ளிமலைக்குப் போகிறவர்கள், திருப்புகழ் பாடுகிறவர்கள். அவர்கள் கப்பலில் போக ஒரே காரணம்தான்: அம்பாந்தோட்டையில் இறங்கினால் கதிர்காமத்து முருகன் கோயில் பக்கம்.

திரும்பி வந்த பிறகு, அடுத்த குழுவுக்குப் பயன்படும் என்று இந்த ஆய்வை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அம்பாந்தோட்டையில் கழித்த ஒரு பகல் மட்டுமே இதன் எல்லை. கப்பலின் சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நடனம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

திட்டம்

கப்பலே விற்கும் கரைச் சுற்றுலாவை எடுப்பதா, வெளியில் சொந்தமாக ஏற்பாடு செய்வதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர்கள் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். இது தெரிந்தேதான் குழு சொந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. கோயிலில் பூஜை முடியும்வரை நிற்க வேண்டும் என்பது பெரியவர்களின் பிடிவாதம். அதற்கு இடம் கொடுக்கும் திட்டம் வெளியில்தான் கிடைத்தது.

அங்குள்ள ஒரு சிறிய நிறுவனம் அனுப்பிய விளம்பரத் தாளில் மூன்று படங்கள் இருந்தன. மேலே இளஞ்சிவப்புப் பூநாரைக் கூட்டம். நடுவில் கதிர்காமத்துத் திரை. கீழே ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. வனவிலங்கு, உள்ளூர்ப் பண்பாடு, காப்பி மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று எழுதியிருந்தது. காலை ஏழு மணிக்குக் கப்பலிலிருந்து இறங்கிப் புந்தல தேசியப் பூங்காவில் ஜீப் பயணம். பத்தரை மணிக்குக் கதிர்காமத்தில் பூஜை. திஸ்ஸமஹாராமவில் மதியச் சாப்பாடும் காப்பியும். நான்கு மணிக்குத் துறைமுகம். தாளில் பார்க்க அழகாக இருந்தது. புந்தல, திஸ்ஸமஹாராம, கதிர்காமம் மூன்றும் கிழக்கே ஒரே வழியில் இருப்பதால், 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இந்தத் திட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, ஏழு மணிக்கு இறங்கலாம் என்ற நம்பிக்கை. கப்பல் கரை சேர்வது வேறு, குடிவரவு வரிசை முடிந்து நாற்பது பேரும் பஸ்ஸில் உட்காருவது வேறு. மற்றொன்று அந்தப் பூநாரைப் படம். அதைப் பிறகு பார்ப்போம்.

துறைமுக வாசலில் எடுத்த முடிவு

கடைசி ஆள் பஸ்ஸில் ஏறியபோது மணி எட்டே முக்கால். புந்தலவுக்குள் போனால் பத்தரை மணிப் பூஜை தவறிவிடும். போகாவிட்டால் ஜீப்புக்குக் கொடுத்த முன்பணம் போகும். எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய மலையகத் தமிழர். பஸ்ஸின் படியில் நின்றபடியே ஜீப்காரர்களுடன் சிங்களத்தில் பேசினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “முதலில் முருகன், பிறகு மிருகம்” என்றார். சிலர் சிரித்தார்கள். காட்பாடிக்காரர் ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. விலங்குகள் வெயிலில் வெளியே வருமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். “காலையில் பார்ப்பதுபோல் இருக்காது ஐயா. ஆனால் நாலு மணிக்கு மேல் தண்ணீருக்கு வரும். பூஜையை நாலு மணிக்குத் தள்ளி வைக்க என்னால் முடியாது” என்று பதில் வந்தது.

ஒரு நாளில் மூன்று காரியம் செய்யும்போது எது அசையும், எது அசையாது என்று தெரிந்திருக்க வேண்டும். கப்பல் புறப்படும் நேரம் அசையாது. பூஜை நேரம் அசையாது. விலங்குகளுக்குக் காலையும் உண்டு, மாலையும் உண்டு. காப்பி எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். தாளில் எழுதியவர் மூன்றையும் ஒரே மாதிரிக் கட்டங்களில் அடைத்திருந்தார். படியில் நின்றவருக்கு வேறுபாடு தெரிந்திருந்தது.

வரிசை மாறியதில் யாரும் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. குளித்து, வெள்ளை உடுத்தி, பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவர்கள் பலர். ஜீப்பின் புழுதியைப் பூசிக்கொண்டு கோயிலுக்குள் நுழைவது அவர்களுக்குப் பெரிய மனக்குறையாக இருந்திருக்கும். திட்டம் போட்டவர் அதை யோசிக்கவே இல்லை.

கதிர்காமம்

இந்த நாளில் குறை சொல்ல எதுவும் இல்லாத பகுதி இதுதான். காரணம், வழிகாட்டி பஸ்ஸிலேயே எங்களைத் தயார்ப்படுத்திவிட்டார்.

நம்மூர்க் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவருக்குக் கதிர்காமம் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோபுரம் இல்லை. அபிஷேகம் பார்க்க முடியாது. மூலவரும் கண்ணுக்குத் தெரிய மாட்டார். கருவறைக்கு முன்னால் முருகன் வள்ளி தெய்வானையுடன் மயில்மேல் இருக்கும் ஓவியத் திரை தொங்குகிறது. அந்தத் திரைக்குத்தான் பூஜை. உள்ளே இருப்பதை யாருக்கும் காட்டுவதில்லை. பூஜை செய்பவர் சிங்களக் கப்புறாளை. வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பேச்சில்லாமல் செய்கிறார். இதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டதால், திரையின் முன் நின்று மூலவர் எங்கே என்று யாரும் தேடவில்லை.

மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டுப் பழத்தட்டு வாங்கினோம். அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்னாசி, தர்ப்பூசணி, வாழை, மாதுளை எல்லாவற்றையும் நறுக்கிக் கோபுரமாக அடுக்கி, மேலே சிவப்புப் பூமாலை சுற்றித் தருகிறார்கள். பெரிய தட்டானால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். தலைமேல் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், சிங்களவர்களும் தமிழர்களும். உள்ளே கொடுத்ததும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறார்கள். ஆற்காட்டு அம்மா ஒருவர் அர்ச்சனைச் சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டு திரும்பி வந்ததும் சமாதானமானார்.

வளாகத்திலேயே பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கிரி விகாரை. தெய்வானைக்குத் தனிக் கோயில். முருகன் கோயிலுக்கு எதிரே வீதியின் மறுகோடியில் வள்ளியம்மன் கோயில். ஆடித் திருவிழாவில் இரவுதோறும் யானை ஊர்வலம் முருகன் கோயிலிலிருந்து வள்ளி கோயிலுக்குத்தான் போகிறது. வேடர் தலைவன் வளர்த்த பெண்ணை முருகன் மணந்தது இந்தக் காட்டில்தான் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

வள்ளிமலைக்காரர்கள் இதைச் சும்மா விடுவார்களா? வள்ளி தினை காத்த இடம், கிளி ஓட்டிய இடம், நம்பிராசன் ஆண்ட இடம் எல்லாம் காட்பாடிக்கு வடக்கே எங்கள் ஊரில் இருக்கிறது என்று ஓர் அம்மா வழிகாட்டியிடம் வழக்குத் தொடுத்தார். அருணகிரிநாதர் இரண்டு தலத்தையுமே பாடியிருப்பதால் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “அப்படியென்றால் நீங்கள் பெண் வீட்டார் அம்மா. முன்னால் வந்து நில்லுங்கள்” என்று சொல்லி, வள்ளி கோயில் வரிசையில் அவருக்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு குழு முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. மதியம் வெயிலில் ஜீப்பில் ஏற்றியபோதும் யாரும் முணுமுணுக்காததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

திஸ்ஸமஹாராமவில் ஒரு காப்பி

சாப்பாட்டில் ஒரே ஒரு கவனம் தேவைப்பட்டது. அங்கே சம்பலிலும் பருப்பிலும்கூட மாசிக் கருவாடு போடும் பழக்கம் உண்டு. சைவம் என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மாசியை மீனாகவே கணக்கில் எடுப்பதில்லை. வழிகாட்டி சமையலறைக்குள் போய்ப் பெயர் சொல்லித் தடுத்துவிட்டு வந்தார். சாப்பாட்டுக்குப் பின் மண்சட்டியில் எருமைத் தயிரும் அதன்மேல் கித்துள் பாணியும் வந்தன. கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர். பனைவெல்லப் பாகை நினைவூட்டும், ஆனால் லேசாகப் புகை மணக்கும் பாணி. இந்தத் தென்கரைப் பகுதியின் உண்மையான உள்ளூர்ச் சுவை இதுதான். விளம்பரத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. காப்பிக்குப் படமே போட்டிருந்தார்கள்.

விந்தை என்னவென்றால், அம்பாந்தோட்டை வறண்ட பூமி. உப்பளம் இருக்கும் ஊர். காப்பிச் செடி அங்கே எங்கே வளரும்? அது மத்திய மலைநாட்டுப் பயிர். கரைச் சுற்றுலாக்களில் காப்பி இப்போது விலைபோகிறது, எனவே சேர்த்துவிட்டார்கள். இந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும் என்றுதான் போவதற்கு முன்பே குறித்து வைத்திருந்தேன்.

காப்பி வந்தது. நைசாக அரைத்த தூளையும் சர்க்கரையையும் கோப்பையில் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, வண்டல் அடியில் தங்கும்வரை விட்டு, பாலில்லாமல் குடிக்கும் காப்பி. காலையில் பித்தளை ஃபில்டரில் இறக்கிய டிகாக்ஷனும் சிக்கரியும் சுண்டக் காய்ச்சிய பாலும் இல்லாமல் கண் விழிக்காத கூட்டம் எங்களுடையது. “கஷாயம்” என்று ஒரு குரல். கடைசி மடக்கில் வண்டல் நாக்கில் ஏறியதும் இன்னொருவர் முகம் கோணினார்.

அப்போதுதான் வழிகாட்டி பேசத் தொடங்கினார். 1815இல் ஆங்கிலேயர் கண்டி ராச்சியத்தைப் பிடித்தார்கள். அதன் பிறகுதான் மலைநாடு அவர்கள் கைக்கு வந்தது. 1820களிலிருந்து காட்டை அழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். வேலைக்கு ஆள் தமிழ்நாட்டிலிருந்து போனது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம். 1870களின் கடைசியில் சுமார் 2,75,000 ஏக்கரில் காப்பி நின்றது. ஆனால் 1869இலேயே மடுல்சீமைப் பக்கம் இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டுவிட்டது. இலைத்துரு நோய். காற்றிலும் மழையிலும் பூஞ்சையின் வித்துகள் பரவி, இலைகள் கொட்டி, செடி காய்க்கும் வலுவை இழக்கும். இருபது ஆண்டுகளுக்குள் காப்பி இருந்த இடமெல்லாம் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தது அப்போது கைகொடுத்தது.

“எல்லோரும் எங்களைத் தேயிலைத் தோட்டத்துச் சனம் என்பார்கள். எங்கள் ஆட்கள் முதலில் வந்தது கோப்பிக்கு” என்றார் அவர். மேசையில் பேச்சு நின்றது. பிறகு, பிடிபட்ட கண்டி மன்னன் என்ன ஆனான் என்று ஒருவர் கேட்டார். வழிகாட்டி கேட்டவரையே பார்த்தார். “உங்கள் ஊருக்குத்தானே ஐயா அனுப்பினார்கள்?”

ஆம், எங்கள் ஊருக்குத்தான். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து குடும்பத்தோடு சிறை வைத்தார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுடைய கல்லறை இருக்கிறது. அதன்மேல் 1990இல் தமிழ்நாடு அரசு கட்டியது முத்து மண்டபம். கோட்டைக்குள் கண்டி மகால் என்றே ஒரு கட்டடம் நிற்கிறது. முத்து மண்டபம் பஸ்கள் நின்றுபோகும் இடமாக எல்லோருக்கும் தெரியும். உள்ளே எப்படி இருக்கும் என்று வழிகாட்டி ஆவலாகக் கேட்டார். நாற்பது பேரில் உள்ளே போனவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனவர், அவருக்கும் நினைவில்லை. மற்றவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மன்னனுக்கும் அவன் உறவினர்களுக்கும் அங்கே கல்லறைகள் இருப்பதை அவர்தான் விளக்கினார். வழிகாட்டி நின்றுகொண்டே கேட்டார்.

கண்டி வீழ்ந்ததால் மன்னன் வேலூருக்கு வந்தான். கண்டி வீழ்ந்ததால்தான் மலையில் காப்பி வந்தது, இவருடைய முன்னோர் அங்கே போனார்கள். ஒரே வீழ்ச்சியில் தொடங்கிய இரண்டு பயணங்கள், எதிரெதிர்த் திசையில். காப்பிப் பகுதியை வெட்ட வேண்டும் என்ற குறிப்பை அங்கேயே அடித்துவிட்டேன். காப்பி என்னவோ இரண்டாவது கோப்பைக்கு ஆள் இல்லாத காப்பிதான்.

புந்தல

பூநாரைக்கு வருவோம். புந்தல 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 1993இல் தேசியப் பூங்கா ஆனது. களப்புகள் எனப்படும் கடலோரக் காயல்கள், மணல்மேடு, முட்காடு எல்லாம் சேர்ந்த சுமார் 6,200 ஹெக்டேர். பூநாரைகள் வலசை வரும் இடமென்று பெயர் பெற்றது. ஆனால் அவை வருவது குளிர்காலத்தில். நாங்கள் போனது ஆகஸ்டில். சென்னையில் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் ஓடும் கப்பலுக்கு வந்த பயணிகளிடம் குளிர்காலப் பறவையின் படத்தைக் காட்டி விற்றிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

குளிர்காலத்தில் போனாலும் பழைய கூட்டம் இருக்காது என்பது இன்னொரு செய்தி. 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கப் பாசனம் வந்தபின், வயல்களில் வடியும் நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் சேர்ந்து உப்புத்தன்மையைக் குறைத்தது. உப்புநீரில் வாழும் சிற்றுயிர்களை நம்பி வந்த பூநாரை வேறு இடம் தேடிக்கொண்டது. ஜீப் ஓட்டுநர் சிங்களத்தில் சொல்ல, வழிகாட்டி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

கண்டவை: மயில்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், கரண்டிவாயன்கள், சேற்றில் கட்டைபோல் கிடந்த முதலைகள், தொலைவில் ஓர் ஒற்றைக் கொம்பன். வெயில் கடுமை. பாதிப்பேர் யானை தெரிந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஜீப்பில் உயிர் வந்தது ஒரு முள்மரத்தைக் கண்டதும்தான். “இது நம் பாலாற்று முள் அல்லவா?” என்றார் ராணிப்பேட்டைக்காரர். சீமைக் கருவேலமேதான். உப்புப் பிடித்த மண்ணை மீட்க என்று 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் நட்டது. இன்று பூங்காவுக்குள் புகுந்து புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. கூடவே சப்பாத்திக்கள்ளி. ஆற்று மணல் போனபின் பாலாற்றுப் படுகையை இந்த மரம் எப்படி மூடியது என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெட்டினால் துளிர்க்கும், வேரோடு பிடுங்கினால்தான் உண்டு, விதை மாட்டுச் சாணத்தில் பரவும் என்று ஓட்டுநருக்கு இவர் பாடம் எடுத்தார். நடுவில் மொழிபெயர்த்தே வழிகாட்டிக்குத் தொண்டை வறண்டது.

ஐந்தே காலுக்குக் கப்பலில் ஏறிவிட்டோம். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பலுக்கு அது போதுமான இடைவெளி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குப் போதாது. அந்தச் சாலையில் காட்டு யானை குறுக்கே நின்றாலே அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்த குழுவுக்கு

ஊர் திரும்பியபின் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் கூடிப் பேசினோம். முதலில் கோயில் என்ற வரிசையே இனித் திட்டமாக இருக்கட்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மாசி பற்றிய எச்சரிக்கையை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். துறைமுகத்துக்கு நாலரை மணிக்குத் திரும்புவது கட்டாயம். கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கோட்டையையும் முத்து மண்டபத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஆசிரியை சொன்னார். அவரே அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டார். அங்கே எடுக்கும் படங்களை வழிகாட்டிக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு.

தகராறு புந்தலவில்தான். எழுபது வயதுக்காரர்களை உச்சி வெயிலில் ஜீப்பில் குலுக்கியது போதும், அதை எடுத்துவிடலாம் என்பது பெரும்பான்மை. நான் மறுத்தேன். விருப்பமுள்ள பத்துப் பேர் இரண்டு ஜீப்பில் போகட்டும், மற்றவர்கள் திஸ்ஸ வாவிக்கரை நிழலில் உட்கார்ந்து இன்னொரு சட்டித் தயிர் சாப்பிடட்டும் என்றேன். பூநாரைப் படத்தைத் தாளிலிருந்து எடுத்தால்தான் பணம் கட்டுவோம் என்று நிறுவனத்துக்கு எழுதவும் சொன்னேன். கடிதம் போய்விட்டது. ஜீப் விஷயம் அடுத்த கிருத்திகைக்கு வள்ளிமலையில் கூடும்போது முடிவாகும்.